விளம்பரத்தில் நான் எழுதிய வரி

ஈரி, பென்சில்வேனியா
20 அக்டோபர் 1991

அன்பு மகள் வாண்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் இருவர் உடம்புக்கும் குறையில்லை, என் மனசுதான் சரியில்லை. அப்பாவுக்கு இன்னும் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அதனால் மாடி வீடு காலியாகும்போதெல்லாம் கோவிலில் ஞாயிறுதோறும் கொடுக்கும் வாரத்தாளில் வாடகை விளம்பரத்தோடு 'அமைதியான தம்பதிக்கு மட்டும், குழந்தைகள் கூடாது' என்று போடுவேன். தாளைத் தட்டச்சு செய்பவளும் நான்தானே, பதினோரு வருடமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

போன மாதம் டெனிஸ் ஹார்பர் அந்தத் தாளோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்ப்பவள், கோவிலில் இடது பக்க பெஞ்சில் உட்காருவாள். "ஒண்ணாந்தேதிக்குள்ள நான் வீடு மாறணும், ஆனா உங்க வீட்டைக் கேட்டு வரல மிசஸ் நோவிட்ஸ்கி. என் பெரியவ இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. பூசை நடுவுல இதைப் படிச்சிட்டு, கூடாதுன்னா நாங்களாம்மான்னு சத்தமா கேட்டா. நீங்களே வந்து அவளுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

அப்படிப் போடலாமா என்று பார்க்க நூலகத்தில் வீட்டு வாடகைச் சட்டத்தாளை வாங்கி வரி வரியாகப் படித்தேன். நம்மைப்போல் கீழே குடியிருந்து மாடியை விடுகிறவர்கள் பிள்ளைக்காரர்களுக்கு விடாமல் இருக்கலாமாம். ஆனால் பிள்ளைகள் கூடாது என்று அச்சிட நமக்கும் உரிமையில்லையாம். செய்தது தப்பு என்று தாளிலேயே போடப்போகிறேன், மாடியையும் டெனிஸுக்கே கொடுப்போம் என்றேன். அப்பா சிரித்தார். "அப்ப அந்த வரியை எடுத்துடு. பிள்ளைக்காரங்க வந்தா வீடு போயிடுச்சுன்னு சொல்லு, முடிஞ்சுது. நீ என்னடான்னா ஊருக்கே பாவசங்கீர்த்தனம் பண்ண நிக்கிற" என்றார். பொய் சொன்ன வாயால் எப்படி நற்கருணை வாங்குவது? மாடியில் பிள்ளைகள் ஓடும் சத்தம் அவர் பகல் தூக்கத்தைக் கெடுக்காதபடி கட்டிலை நிலவறைக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே இறக்கினார்.

பிளம் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு டெனிஸிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன், மாடிக்கு வாருங்கள் என்றேன். "மனசார வந்திருக்கீங்க, தெரியுது. ஆனா என் பிள்ளைங்க பயந்து பயந்து நடக்கிற வீடு எங்களுக்கு வேணாங்க, தங்கச்சி வீட்டுல ஒத்த ரூம்ல இருந்துக்குறோம்" என்றாள். கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவர்கள் நம் கோவிலுக்கு வரவில்லை.

இன்றைய தாளில் என் பெயர் போட்டே அச்சிட்டேன்: அந்த வரியை எழுதியவள் நான், அது சட்டத்துக்கும் தேவனுக்கும் விரோதம், மாடி யாருக்கும் உண்டு. அதைப் படிக்க வேண்டிய பிள்ளை பெஞ்சில் இல்லை.

உங்கள் பின்வீட்டை வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருந்தாய். விளம்பரத்தில் வீட்டைப் பற்றி எழுது, வருகிற மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதே. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா இரேனா