பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் சுகம்தான். காதில் மட்டும் லேசான இரைச்சல், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு ஹெவி மெட்டல் ராக் இசைக்குழு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய தன் கச்சேரிப் பதிவுகளை ஆல்பமாகப் போடுகிறது. அந்தப் பழைய டேப்புகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஆறு வாரமாக ஒரே இடிமுழக்கம். அறைக்குத் திரும்பினால் ஃபேன் சத்தம்கூடத் தாங்கவில்லை. அணைத்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறேன்.

ஒரு டேப்பில், இரண்டு பாட்டுக்கு நடுவே, "சத்தத்தைக் குறைடா!" என்று யாரோ கத்துவது கேட்டது. வெட்டிவிட்டேன்.

நேற்று டேப்பைக் கேட்டுப் பார்க்க வந்த அந்தக் குழுவின் பாடகர், எழுபது வயசுக்காரர், "அந்தக் குரல் எங்கேம்மா?" என்றார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"அது எங்கப்பா. என் கச்சேரிக்கு அவர் வந்தது அந்த ஒரு தடவைதான்" என்றார் அவர்.

நல்லவேளை, அசல் டேப் பத்திரமாக இருந்தது. திரும்பச் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். நாலு முறை கேட்டார். நாலு முறையும் சிரித்தார்.

அப்பா, தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். நான் போன் செய்தால் உடனே அம்மாவிடம் நீட்டிவிடாதீர்கள். திட்டுவதற்காவது இரண்டு வார்த்தை பேசுங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்