கண் வைக்காத பெண்கள்

2006 நவம்பர் 14, செவ்வாய்

கைவேலைக் கடைக்காரப் பெண்மணியிடம் "சரி" என்று இன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் முதல் குரோஸ் ஸ்டிச், அதாவது குறுக்குத் தையல், வடிவம் விலைபோயிருக்கும்.

பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவப் பெண்கள் கொடியில் துணி காயப்போடும் என் ஓவியத்தைக் கட்டம் கட்டமாக மாற்றி, மாதிரி தைக்க லாசால் பகுதியில் இருக்கும் மாமியிடம் கொடுத்திருந்தேன். ஆமிஷ் துணிப் பொம்மைகளைப் போல என் பெண்களுக்கும் முகம் வெறுமைதான். பார்க்கிறவர்களுக்கு முகம் காட்டக் கடமைப்படாத பெண்கள். அதற்காகத்தான் அவர்களை வரைந்தேன். மாமி ஆளுக்கு இரண்டு கறுப்புத் தையல் போட்டுக் கண் வைத்துவிட்டார். நான் துணியை விரித்துப் பார்க்காமலே கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரிக்கு அந்தக் கண்கள்தான் பிடித்தன. "கண்ணோடு தந்தால் இப்போதே எடுக்கிறேன். கீழே உன் பெயர்தானே இருக்கும்?"

"அதனால்தான் முடியாது," என்று சொல்லித் துணியைச் சுருட்டிக்கொண்டு மாமி வீட்டுக்கு வந்தேன்.

"கண்ணில்லாட்டிப் பேய் மாதிரியெல்லே இருக்கு, பிள்ளை. பாவமெண்டு வைச்சன்."

"அவையளைப் பாவம் பாக்க வேண்டாம், மாமி. நிமிந்துதானே நிக்கினம்."

"உன்னை மாதிரி. கொழுப்பு!" மாமி சிரித்தபடி கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

இருவருமாக எல்லாக் கண்களையும் பிரித்தோம். துணியில் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. அவை மூடட்டும் என்று கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். கடைக்காரி மனம் மாறி இதுவரை அழைக்கவில்லை.