ஜீப்பின் அடித்தகடு

அன்புள்ள கூட்டாளிக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

நேற்று ஒருவர் தன் பழைய ஜீப்புக்கு மதிப்புப் போடக் கூப்பிட்டார். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு கச்சிதமாக ஒத்துப்போயின. "அடித்தகடும் ஒரிஜினல்னு சொல்லித்தான் சார் வித்தாங்க," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழே படுத்து டார்ச் அடித்தேன். 'இது புதிதாகச் செய்தது' என்று உன் கோணல் எழுத்தில் பொறித்திருந்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ படுத்த இடத்திலேயே சிரிப்பு. நீ செய்த பாகத்தை நீயே ஒரிஜினல் என்று தள்ளிவிட்டதற்குத்தானே அன்றைக்கு நமக்குள் அவ்வளவு சண்டை? இப்போது நீயே உண்மையைப் பொறித்து வைக்கிறாய்!

'தகடு மாற்றப்பட்டது, வேலை முதல்தரம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்ததும், மற்ற தகடுகளையும் உன்னிடமே செய்துகொள்ள வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை அழைத்து வருகிறேன். அவரை மட்டும் உள்ளே விட்டு என்னை வாசலில் நிறுத்திவிடாதே.

கோபம் தீர்ந்துபோன,
உன் பழைய பார்ட்னர்