கருமாதிக்கு முன் கேட்ட தட்டு

செப்டெம்பர் 7, ஞாயிறு. கண்டி.

அப்பாவின் கருமாதி முடியும்வரை வீட்டில் ரேடியோகூட வைக்கக்கூடாது. மத்தியானம் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, என் ப்ளூஸ் இசைத்தட்டை மெல்லப் போட்டேன். அமெரிக்காவில் பருத்தித் தோட்டத்தில் கூலியாக இருந்த ஒரு கறுப்பர் கிட்டாரோடு பாடியது. மூன்றாவது பாட்டில் அவர் வார்த்தையை விட்டுவிட்டு முனகுவார். அடக்கத்தன்று வராத கண்ணீர் அங்கே வந்தது.

அம்மா கதவருகில் நின்றாள். நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும் தம்பி. என்னா பாடுறாரு?"

"தோட்டத்துல பட்ட கஷ்டத்தம்மா."

"அப்பா கேட்டிருந்தா அவருக்கும் வெளங்கியிருக்கும்."

அப்பா ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தவர். போன தீபாவளிக்கு இதே தட்டைக் கையில் எடுத்து, "எனக்கும் ஒருக்கா போடேன்யா" என்றார்.

"இதெல்லாம் உங்களுக்கு வெளங்காதுப்பா" என்று வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.