ஆடு என்று சொன்னேன்

மேல்கிடை நிலையம்
குளிர், 2ஆம் வாரம். காலை 6.40

வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொண்ணு. காத்து இல்லை. தாய் ஆடு அறுபது, கிடாய் ரெண்டு. எல்லாம் நிக்குது, எல்லாம் அசை போடுது. நொண்டி இல்லை, கழிச்சல் இல்லை.

நேத்துப் பகல்ல வெளிச்சம் இருக்குற வரைக்கும் மேய விட்டேன். பனியைக் காலால பறிச்சு அடியில கிடக்குற புல்லைத் தின்னுது. அதுல பாதி வயிறுகூட நிறையலை. மீதியைப் பட்டியில வச்சுத்தான் நிரப்பணும். காய்ஞ்ச புல் கொஞ்சம், எந்திரம் கலக்குற தீவனம் கொஞ்சம்.

இதை யார் எடுத்துப் படிப்பீங்களோ தெரியாது. எங்களை இங்க அனுப்பின வாரியத்து ஆளுங்களா இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வேற யாராச்சும்னா சொல்லிடுறேன். இந்தக் கோள்ல மண்ணுன்னு கிடக்குறதெல்லாம் செத்த பொடி. ஆடு படுத்து எந்திரிச்சு, புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மிதிபட்டாத்தான் அதுல ஏதாச்சும் முளைக்கும். ராமநாதபுரம் பக்கம் அடுத்தவங்க வயல்ல ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போடுறது எங்க பொழப்பு. அதுக்குத்தான் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆடு இந்தக் காத்துக்குன்னே வளத்த இனம், முகமூடி வேணாம். எனக்கு வேணும். இங்க குளிர் வந்தா நம்ம ஊர்க் கணக்குக்கு ஒரு வருசம். கணவாய் மூடிரும். கீழ்முகாம்லேருந்து யாரும் ஏற முடியாது. இந்த மந்தை குட்டி போட்டு, குட்டியோட குளிரைத் தாண்டினாத்தான் கீழே இருக்குறவங்களுக்கு அடுத்த விதைப்பு.

கலவை எந்திரத்தை என் மகள் பூமயில் பாத்தா. போன மாசம் பனிவெடிப்புல விழுந்தா. எடுக்க முடியலை. வாரியம் அவ பேரை அடிச்ச அன்னிக்கே எந்திரமும் அவ கணக்கை மூடிருச்சு. அவ பேசிப் பதிவாகியிருந்த குரலைப் போட்டுப் பாத்தேன். இறந்தவர் உத்தரவு ஏற்கப்படாதுன்னு சொல்லுச்சு.

இன்னிக்கு என் குரல்ல புதுசாத் தொறந்தேன். எந்த விலங்குன்னு கேட்டுச்சு. ஆடுன்னேன். சினையான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். சரக்கு உறைஞ்சு போறதுக்கு முந்தி குளிர் பூராவுக்கும் சேத்து அரைச்சு மூட்டை போட்டுருச்சு. பச்சை விளக்கு எரிஞ்சுச்சு.

நான் அஞ்சாவது வரைக்கும்தான். பிழை இருந்தா பொறுத்துக்கங்க.


குளிர், 6ஆம் வாரம். மாலை 5.10

பனி மேய்ச்சல் மேட்டை மூடிருச்சு. இனிமே வெளியே விட்டும் பிரயோசனம் இல்லை. கைத்தீவனத்தைக் கூட்டிட்டேன். ருசியாத்தான் இருக்கு போல, தொட்டியை நக்கித் துடைச்சு வைக்குது. முதுகெலும்பு தடவிப் பாத்தேன், சதை பிடிச்சிருக்கு. மயிரும் பளபளன்னு இருக்கு.

கீழ்முகாம் ரேடியோவுல சேவுகன். அவன் எங்க பக்கத்து ஆளுதான், கணவாய்ல பிடிச்சு ஏறக் கட்டியிருக்குற கம்பிப்பாதையைப் பாக்குறவன்.

சேவுகன்: "மதினி, ஆடு மெலிஞ்சிருக்கா, நீ மெலிஞ்சிருக்கியா?"

நான்: "ஆடு உன்னை மாதிரி. தின்னுட்டுத் தூங்குது."

சேவுகன்: "அப்ப நல்லாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியா?"

நான்: "தொட்டி கழுவணும். வைக்கிறேன்."

சாப்பிடலை. பழக்கத்துல ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டேன். ஒண்ணை எடுத்து உள்ள வச்சுட்டுப் படுத்துட்டேன்.


குளிர், 12ஆம் வாரம். காலை 7.00

கொம்பு வளைஞ்ச தாய் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் முட்டி மோதித் தின்ன ஆடு. வயிறு ஊதலை. வாயில நுரை இல்லை. கண் மஞ்சளா இருந்துச்சு. வயித்துல ரெண்டு குட்டி, ரெண்டும் போச்சு.

பகல் 1.30

இன்னும் நாலு தலையைத் தொங்கப் போட்டு நிக்குது. ஒண்ணு மூத்திரம் பேஞ்சுச்சு. பட்டி வாசல் பனி மேல சாயம் கொட்டின மாதிரி சிவப்பா. என் பொழப்புல இதைப் பாத்ததில்லை. கீழ்முகாம் டாக்டர் எஸ்தரைக் கூப்பிட்டிருக்கேன்.


அதே நாள். மாலை 4.20

டாக்டரம்மா பேசினதை அப்படியே எழுதுறேன்.

எஸ்தர்: "முத்துராக்கு, மூட்டையில ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதுல தாமிரம்னு போட்டு ஒரு எண் இருக்கும். படிங்க."

படிச்சேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க.

எஸ்தர்: "எந்திரத்துக்கிட்ட என்ன சொன்னீங்க?"

நான்: "ஆடுன்னு சொன்னேன்மா."

எஸ்தர்: "இந்த எந்திரத்தைக் கீழ்முகாம்லதான் பழக்கினோம். எங்ககிட்ட இருக்குறதெல்லாம் பால் வெள்ளாடு. இங்க ஆடுன்னா அதுக்கு வெள்ளாடு. வெள்ளாட்டுக்குத் தாமிரம் நிறைய வேணும். அதே அளவு செம்மறிக்கு விஷம். வெளியே போகாது, ஈரல்ல போய்ச் சேரும். ஒரு நாள் மொத்தமா உடைஞ்சு ரத்தத்துல இறங்கும்."

எங்களுக்கு ஆடுன்னா இதுதான். வெள்ளாட்டை வெள்ளாடுன்னுதான் சொல்லுவோம். ஆடு மேய்க்கிறவன்னா செம்மறி மேய்க்கிறவன். எங்க ஆளுக யாரும் செம்மறின்னு வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. பூமயில்தான் எந்திரத்துக்கிட்ட செம்மறி, செம்மறின்னு சொல்லுவா. என்னடி வாத்திச்சி மாதிரிப் பேசுறேன்னு சிரிப்பேன். சும்மா இரும்மா, அதுக்கு அப்படித்தான் புரியும்னு சொன்னா. நான் அதைப் படிச்ச புள்ளையோட பகட்டுன்னு நினைச்சுட்டேன்.

எஸ்தர்: "தீவனத்தை இப்பவே நிறுத்துங்க. நிறுத்தினாலும் உள்ளே சேந்தது அப்படியே இருக்கும். பசிக்கக் கூடாது. பயப்படக் கூடாது. குளிரக் கூடாது. நடக்க வைக்கவே கூடாது. எது வந்தாலும் ஈரல் உடையும். முறிக்கிற உப்பு மருந்து எங்கிட்ட இருக்கு. ட்ரோன்ல அனுப்புறேன்."

நான்: "பசிக்கக் கூடாதுன்னா எதைப் போட?"

எஸ்தர்: "எனக்குத் தெரியலை, முத்துராக்கு. பொய் சொல்ல மாட்டேன்."


குளிர், 13ஆம் வாரம். காலை 8.15

ட்ரோன் வரலை. கணவாய்க் காத்துல பாறையில அடிச்சிருச்சுன்னு சேவுகன் சொன்னான். இருந்தது ஒண்ணுதான். மருந்தும் அதோட போச்சு.

மூட்டையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுட்டேன். ஆடு கதவுக்குப் பின்னாடி நின்னு அதைப் பாத்துக் கத்துது. அதுங்களுக்கு அது நல்ல சோறு. நான் அதைப் பிடுங்கினவ.

காய்ஞ்ச புல்லைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறேன். என் பங்கு கேப்பை மாவைக் கஞ்சியாக் காச்சி ஆளுக்கு ஒரு கை. அதுக்கு மேல குடுத்தா வயிறு புளிச்சிரும். பாதி மந்தை போச்சு. கிடாய் ரெண்டும் போச்சு. தூக்கிப் போட எனக்குத் தெம்பு இல்லை, கயிறு கட்டி இழுக்குறேன்.

சாவுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இந்த எழுதுற பலகையில இருக்கு, அதை விட்டுடுறேன். என்ன போடுறதுன்னு தெரியலை.


குளிர், 14ஆம் வாரம். காலை 9.00

மின்சாரம் குறையுது. காத்தாடி உறைஞ்சிருச்சு. என் அறை அடுப்பை அணைச்சுட்டேன். பட்டியிலேயே படுத்துக்குறேன். ஆட்டுச் சூடு போதும்.

ஒரு தாய் விழுந்துச்சு. வயித்துல கை வச்சேன், உள்ளே உதைச்சுச்சு. நாள் கிட்டத்தட்ட நிறைஞ்சதுதான். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். எங்க அறுக்கணும்னு சொன்னாங்க. தாய் உசிரோட இருக்கும்போதே அறுக்கணும், செத்தா குட்டிக்கு மூச்சுப் போயிரும்னாங்க.

அறுத்தேன். அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கத்தலை.

ரெண்டு குட்டி. ஒண்ணு மூச்சு விடலை. ஒண்ணு தும்முச்சு.


அதே வாரம். மாலை

எத்தனை அறுத்தேன்னு எழுதலை. உசிரோட எடுத்தது ஒம்பது. ஏழு பெண், ரெண்டு கிடாய். சட்டைக்குள்ள, போர்வைக்குள்ள, பூமயில் கம்பளிக்குள்ள. பால் இருக்குற தாய் ரெண்டுதான். சீம்பால் பீச்சிச் சொட்டுச் சொட்டா விட்டேன். அதுங்க பாலும் நின்னுக்கிட்டு வருது.

நிக்கிற தாய் இனி ஆறு.


குளிர், 15ஆம் வாரம். காலை 6.00

சேவுகன்: "மதினி, நல்லாக் கேளு. நாளைக்குக் காலையில காத்து அடங்குதாம். அரை நாள்தான். அப்புறம் புயல் வந்தா கணவாய் குளிர் முடியுற வரைக்கும் தொறக்காது. நான் கம்பியைப் பிடிச்சு மேல வர்றேன். நீ இறங்கி வா. நடுவுல பிடிச்சுக்குறேன்."

நான்: "குட்டியை வாங்கிக்க வெள்ளாடு இருக்கா? கறவையில?"

சேவுகன்: "பதினாலு இருக்கு. அதுங்களுக்கு இதுங்க கொழுந்தியா புள்ளைங்க, சேத்துக்கும். நீ வா."

நான்: "தாய் ஆடு நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

சேவுகன்: "ஆட்டைக் கூட்டிட்டு வான்னு நான் சொல்லவே இல்லையே."

நான் போய்ச் சாக்கு ரெண்டை எடுத்து உதறினேன்.


அடுத்த நாள். பகல் 12.40

கணவாய் நடுவுல, கம்பித்தூண் கிட்ட உக்காந்து எழுதுறேன்.

ஒம்பதும் உசிரோட வந்து சேந்துச்சு. ரெண்டு சாக்குல தலை மட்டும் வெளியே. சேவுகன் ஏறி வந்துட்டான். முகமூடிக்குள்ள அவன் மீசை பூரா பனி. வாங்கி நெஞ்சுல கட்டிக்கிட்டான். அப்புறம் என் கையைப் பிடிச்சான். முகமூடி ரேடியோவுல பேசினது இது.

சேவுகன்: "விட மாட்டேன், மதினி."

நான்: "விடுய்யா. குட்டி நசுங்குது."

சேவுகன்: "அங்க என்ன இருக்கு? மின்சாரம் இல்லை. சோறு இல்லை. நாலு நாள்ல செத்துப் போற ஆடு."

நான்: "ஆறும் நின்னுச்சு. காலையில தண்ணி குடிச்சுச்சு. இத்தனை நாள் தாங்கினது இனிமே தப்பிச்சாலும் தப்பிக்கும். நடுவுல விட்டுட்டு வந்தா பயந்துரும்."

சேவுகன்: "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சு."

நான்: "ஒருத்தியைப் பனிவெடிப்புல விட்டுட்டு வந்தது போதும், சேவுகா."

அவன் கையை எடுத்துட்டான். முகமூடிக்குள்ள அழுதான்னு நினைக்கிறேன், கண்ணாடியை ஆவி மூடிருச்சு. குட்டி ஒண்ணு கத்துச்சு. அவன் இறங்கிட்டான். மேலே வானம் ஒரு பக்கம் கறுத்துக்கிட்டு வருது. நானும் கிளம்புறேன்.


அதே நாள். மாலை

மேல்கிடை வந்துட்டேன். புயலும் வந்துருச்சு. ரேடியோ இரையுது, ஆள் குரல் இல்லை.

பட்டிக் கதவைத் தள்ளினேன், தொறக்கலை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்பக்கம் கதவை ஒட்டி ஆறும் கிடக்குது. ஒண்ணு மேல ஒண்ணு. நான் குட்டியைத் தூக்கிட்டுப் போன வாசல் அது. கதவு மரத்துல முட்டின ரத்தம். தரை பூரா சிவப்பு. காலையில தண்ணி குடிச்ச ஆடு.

சூடு இன்னும் போகலை. நான் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முந்தித்தான்.

நான் குட்டியை எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா குட்டி செத்திருக்கும். எடுத்துட்டுப் போனதால இது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.

மணி தெரியலை

விளக்கு போச்சு. இந்தப் பலகை வெளிச்சத்துல எழுதுறேன். ஆட்டுக்கு நடுவுலதான் இருக்கேன். சூடு குறையுது.

பூமயில் கம்பளி குட்டியோட போயிருச்சு. நல்லது.

சேவுகா இது உனக்கு எப்பவாச்சும் வந்தா. பால் நெஞ்சுச் சூட்டுல இருக்கணும், அதுக்கு மேல வேணாம். ஒரே நேரத்துல நிறையக் கொடுக்காதே, கழியும். அந்தக் கறுப்பு மூக்குக் குட்டி உறிஞ்சத் தெரியாது, விரலை வாயில வச்சுப் பழக்கு.

குடிச்ச உடனே பின்பக்கத்தை நக்கி விடத் தாய் இல்லை, ஈரத்துணியால தடவு, அப்பத்தான் மூத்திரம் போகும்

புட்டியை மேல தூக்காதே. தலையை நேராப் பிடி. மேல தூக்கினா பொரை ஏறிரும் நேராப் பிடிச்சு மெதுவா