இருமலில் கை வைக்க விடமாட்டேன்

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று ஆரம்பாக்கம் பஸ்ஸில் ஹெட்போனைக் காதில் மாட்டியவன், ஒயரைப் போனில் செருக மறந்துவிட்டேன். சத்தம் கம்மியாக இருக்கிறதே என்று முழுசாகக் கூட்டினேன். பஸ் முழுக்க உன் குரல்: "ஜொரம்னு சொல்லிட்டு வூட்ல நண்டுக் கொழம்பு துன்னுக்கினு கீறான் ஒர்த்தன். அவனுக்கும் சேத்துத்தான் பேசறேன்!"

முன்சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மா திரும்பி, "அந்த ஒர்த்தன் நீதானா நைனா?" என்றாள்.

நான்தான். துறைமுகத்தைப் பெரிதாக்குவது பற்றி நடந்த கூட்டத்துக்கு நான் வரவில்லை, பயம். நீ போனாய், பேசினாய், உன் போனிலேயே பதிவு செய்து எனக்கும் அனுப்பினாய். அந்தப் பதிவில், "கொஞ்சம் இடம்தான் போகும், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்கிறார் வந்த அதிகாரி. நீ இருமுகிறாய். பிறகு, "கொஞ்சந்தான்னு சொல்றவன் கையிலதான் கத்தி கீது. சீட்டுப் போட்டு, மொறை வெச்சு ஏரில நாங்க வலை போட்ற எடம் இது. ஒரு மொழம் கொறைஞ்சா யாரு மொறைய வெட்டுவ?" கூட்டம் விசிலடிக்கிறது.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். போன வாரம் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன்.

"எம்பித்ரீ ஆக்கிர்லாம்ணா. காதுக்குத் தெரியாதத எடுத்துடும். இருமலையும் வெட்டிர்றேன். வித்தியாசமே தெரியாது."

அதே வார்த்தை! கூட்டத்தில் வந்திருக்க வேண்டிய வீரம் எனக்குக் கடையில் வந்தது. "இருமல்ல கை வெச்சுப் பாரு" என்று ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூல் ஆடியது; நான் ஆடவில்லை.

கடைசியில் அவர் ஃபிளாக் என்று ஒன்றைச் சொன்னார். வலையை மடித்துக் கட்டுகிற மாதிரியாம். இடம் குறையும், விரித்தால் ஒரு கண்ணும் குறையாது. எம்பித்ரீயோ வலையை அறுத்துச் சின்னதாக்கும் வேலை.

மடித்தே வைத்திருக்கிறேன். நாளை மறுபடி கூட்டம். இந்தத் தடவை நான் போகிறேன். இருமலோடு, என்னைத் திட்டியதோடு, ஒலிபெருக்கியில் உன்னைப் போடுவேன். உன் ஒரு மூச்சையும் விட்டுத்தர மாட்டேன்.

கடைக்காரர் சொன்ன ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. நீ எனக்கு மெசேஜில் அனுப்பியபோதே போன் எம்பித்ரீ மாதிரியே, காதுக்குத் தெரியாத பாதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியதாம். முழுசு உன் போனில் இருந்தது. அந்தப் போனை, நண்டு பிடிக்கக் குனிந்தபோது, நீயே ஏரியில் போட்டாய்.