விக் கட்சிக்காரரும் நீயும்

என் வாயாடிக்கு,

போன சனிக்கிழமை மகளுடன் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வேடம் போடும் விழாவாம், அதற்கு உடுப்புத் தேடினோம். ஒரு கடைக் கண்ணாடிக்குள், பிளாஸ்டிக் தலையொன்றின் மேல், வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாக ஒரு விக். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் நடுவழியில் நின்று சிரித்தேன். "அம்மா, ஆக்கள் பாக்கினம்," என்றாள் மகள். பார்த்தால் பார்க்கட்டும். நீ போன பிறகு உன்னை நினைத்து அழாமல் சிரித்தது அன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவள் நீ. ஒஸ்லோவில் நாம் இருவரும் ஒரே பார்னஹாகேயில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். இடைவேளையில் மற்றவர்கள் விடுமுறையைப் பற்றிக் கதைக்க, நீ பதினெட்டாம் நூற்றாண்டில் இருப்பாய். அயர்லாந்தில் பிறந்து, லண்டனுக்கு வந்து, பேச்சையும் எழுத்தையும் நம்பிப் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்த ஒரு மனிதரோடு. அமெரிக்கக் குடியேற்றங்களுடன் சண்டை வேண்டாம் என்று வாதாடியவர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி செய்த அநியாயங்களுக்காக, ஆளுநராக இருந்தவரையே வருடக்கணக்கில் விசாரணைக்கு இழுத்தவர். "இந்தியாவைக் கண்ணாலையும் காணாத மனுசனடி!" என்று அவருக்காகப் பெருமைப்படுவாய். பெயர் சொல்லமாட்டாய். எப்போதும் "என்ரை ஆள்" தான். உன் கணவர் முதலில் கொஞ்சம் பயந்துதான் போனார்.

உன் ஆளைப் பற்றிக் கதைப்பது நமக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. ஊரில் போர் நின்றும் நிற்காமலும் இருந்த காலம் அது. இயக்கத்துக்காக இங்கே நடந்த கூட்டங்களுக்கு வருவதை நீ நிறுத்தியிருந்தாய். கேட்கக்கூடாது என்றிருந்த சில கேள்விகளை வெளியில் கேட்டாய். நான் கூட்டங்களை விடவில்லை. "அவ மாறிட்டா" என்று உன்னைச் சொன்னவர்களுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் நான் இருந்தேன். அந்தக் கதையைத் தொட்டால் நம் சிநேகிதம் முறிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே தொடவில்லை.

ரொம்மனில் நீ படிப்பித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விழாவில், பெற்றோருக்காக உன் ஆளைப் பற்றிப் பேச வந்தாய். அறிவித்தல் அடித்து ஒட்டியது நான். அவருடைய கட்சியின் பெயரை நீ சொன்னபடியே அடித்தேன்: "விக் கட்சியில் ஒரு வாழ்க்கை". அந்தக் கட்சிக்கும் தலையில் போடும் பொய்முடிக்கும் தமிழில் ஒரே எழுத்துத்தான் என்பது நம் இருவருக்கும் உறைக்கவில்லை. மண்டபம் நிரம்பியது. தலை அலங்காரம் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தவர்களும் இருந்தார்கள்.

நன்றாகத்தான் பேசினாய். கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் சிக்கல். பிரான்சில் புரட்சி வந்தது. உன் ஆளின் கட்சியில் பலர் அதைக் கொண்டாடினார்கள், அவர் எதிர்த்தார். அவருடைய நீண்டகால நண்பரோ மறுபக்கம். நட்பு முடிந்தது என்று பாராளுமன்றத்தில் எல்லோர் முன்னும் அவர் சொல்ல, அந்த நண்பர் அங்கேயே அழுதார். "கட்சி மாறினவர் எண்டு ஏசிச்சினம். ஆனா அவர் தன்ரை மனச்சாட்சியை மாத்தேல்லை," என்றாய்.

முன்வரிசையில் இருந்த நிர்வாகத்து ஐயா எழுந்தார். "டீச்சர், நீங்கள் இப்ப ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்?"

வெள்ளைக்காரனைப் பற்றி என்று அங்கே ஒருவரும் நம்பவில்லை. உன் வகுப்புப் போய்விடுமே என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், எழுந்தால் நான் உன் பக்கம், எழாவிட்டால் அவர்கள் பக்கம் என்பது. நான் எழவில்லை.

அப்போதுதான் திராமனிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். பாவம், மெய்யாகவே அவருக்கு விளங்கவில்லை.

"பிள்ளை, எனக்கொரு சந்தேகம். இவை விக் கட்சி எண்டால், மற்றக் கட்சி மொட்டையோ?"

நீ அவர் பக்கம் திரும்பினாய். பிறகு, "இல்லை ஐயா, ரெண்டு பக்கமும் விக்தான். விக்கைப் போட்டுக்கொண்டுதான் ஆளையாள் ஏசினவை," என்றாய்.

மண்டபமே சிரித்தது. நிர்வாகத்து ஐயா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அப்ப நான் ஒரு கட்சியிலையும் சேரேலாது," என்று சொல்லி இருந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அடுத்த சனிக்கிழமை நீ வழமைபோல வகுப்பெடுத்தாய்.

அன்று ரயிலுக்கு நடக்கும்போது கேட்டேன், "அந்த ரெண்டு பேரும் பிறகு கதைச்சவையோ?"

"இல்லை. என்ரை ஆள் சாகக் கிடக்கேக்கை மற்றவர் பாக்க வரக் கேட்டவர். இவர் விடேல்லை."

"உன்ரை ஆளுக்கு விசர்."

"அதிலை மட்டும் விசர்தான்," என்று ஒத்துக்கொண்டாய்.

பிறகு ஊரில் எல்லாம் மோசமாகியது. நாம் தொடாத கதை இன்னும் கனத்தது. உனக்கு வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ ஒருவரையும் பார்க்க விரும்பவில்லை என்றார் உன் கணவர். இருந்தும் வந்தேன். அவர் உன்னைக் கேட்க உள்ளே போக, நான் வெளியே நின்றேன். அந்த நண்பரின் நிலைமைதான் எனக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. "உங்களை வரட்டாம்," என்றார்.

தலையணையிலிருந்து நீ பார்த்தாய். "என்னடி, நான் விடமாட்டன் எண்டு நினைச்சனியோ?"

"ஓம்," என்று சொல்லி அழுதேன். நீ மெல்ல நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டாய்.

இன்றைக்கும் உன் கருத்து எனக்குச் சரியென்று படவில்லை. நீ இருந்தால் என் கருத்தும் உனக்குச் சரியென்று படாது. அது கிடக்கட்டும். நட்பு முடிந்தது என்று நாம் இருவரும் சொல்லவில்லை. நீ நகர்ந்து விட்ட இடத்தில்தான் நான் இன்னும் நிம்மதியாக இருக்கிறேன்.